கடலை இல்லாத வீடு

அடுத்தவர் சட்டைப் பையைத் துழாவுகிற பழக்கமெல்லாம் மதிவதனிக்கு முன்பு கிடையாது. திருவிடைமருதூரில் மின்வாரிய அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறவள், மரியாதை தெரிந்தவள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடியில் துவைக்கத் தனியாகக் கிடந்த, தன் கணவனின் அண்ணன் அன்பரசனின் சட்டையை எடுத்தாள். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு பைக்குள் விரலை விட்டாள். மூலையில் ஏதோ ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பாக, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஒரு தோல். வறுத்த வேர்க்கடலையின் தோல்.

பயம் வந்தது. கூடவே ஒரு திருப்தியும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'அப்படி வாங்க வழிக்கு' என்று மனசு சொல்லிற்று. தோலைக் கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குள் கடலை வரக்கூடாது. இரண்டு வருஷமாக அதுதான் சட்டம்.

மதிவதனியின் மகள் குந்தவை மூன்று வயதில் கோயில் திருவிழாவில் யாரோ கொடுத்த கடலைமிட்டாயை ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கும்பகோணத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிழைத்தது மறுபிழைப்பு. குழந்தைகள் டாக்டர் ஷமீரா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "கடலை இவளுக்கு ஆகாது. ஒரு பருப்புகூட ஆகாது" என்றார். மருந்து நிரப்பிய ஊசி இரண்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, அவசரம் என்றால் தொடையில் குத்திவிட்டு ஓடி வரச் சொன்னார்.

கொள்ளிடத்துப் படுகையில் அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம் அரும்பாடுபட்டு வாங்கிய முதல் நிலம் அது. கடலை போட்டால் பொன்னாக விளையும். அந்த வருஷமே அன்பரசன் கடலையை விட்டுவிட்டுக் கத்தரியும் சோளமும் போட்டார். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் டின் தெருவில் வேறு வீட்டுக்குப் போயிற்று. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகச் செய்தார். அவர் மனைவி செந்தாமரை மட்டும் ஒருநாள் படுகையிலிருந்து திரும்பும்போது, "அந்த மண்ணுக்குக் கடலைதான்" என்று பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சை மதிவதனி மறக்கவில்லை. நல்லதையெல்லாம் மறந்துவிட்டு இந்த மாதிரிப் பெருமூச்சுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

கோடை விடுமுறை தொடங்கிக் கத்திரி வெயிலும் பிடித்துக்கொண்டது. குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு. மதிவதனியின் புருஷன் இளம்பரிதிக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். அதனால் காலையில் எல்லாம் அவள் தலையில்தான். சோறாக்கி, டப்பா கட்டி, குழந்தையை எழுப்பிப் பல் விளக்கிவிட்டு, வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவி, வெயில் கடுமையாக இருக்கிற நாளில் உடம்புச் சூட்டுக்கு மோரும் கரைத்துக் கொடுத்து, புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். பிறகு சாயங்காலம் வரை குந்தவைக்கு எல்லாம் பெரியம்மா செந்தாமரைதான்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. ஒருநாள் மதிவதனி அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, போன் வந்துவிட்டது. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கிறது என்று செந்தாமரை பதறினாள். சிரப் கொடுத்ததும் அடங்கிற்று. சூடு அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரம் குந்தவை உதடு வீங்கி வாந்தி எடுத்தாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "கடலை ஏதோ வாயில போயிருக்கும்மா. வீட்ல நல்லா விசாரிங்க" என்றார்.

வீட்டில் விசாரிங்க. அந்த இரண்டு வார்த்தை போதாதா!

மதிவதனி விசாரிக்கத் தொடங்கினாள். வாயால் அல்ல, கண்ணால். செந்தாமரையின் அலமாரி டப்பாக்களைத் திறந்து மூடினாள். முறுக்குப் பொட்டலத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். எண்ணெய்க் குப்பியை முகர்ந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குப் பெரிய தடயமாகத் தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக ஒளித்து வைக்கிறார்களே!

பிறகு ஒரு கணக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு எதுவும் வருவதில்லை. அவள் வீட்டில் இருக்கிற எந்த நாளிலும் வருவதில்லை. அவள் படி இறங்கிய பிறகுதான், செந்தாமரை கையில் குழந்தை இருக்கும்போதுதான் வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு சாயங்காலம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மா உனக்கு என்னடா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"கடலை குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"அம்மாகிட்ட சொல்லாதேன்னு பெரியம்மா ஏதாவது சொன்னாங்களா?"

குந்தவை கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். என்ன சொன்னாங்க என்று கேட்டதற்கு, "சொல்லக் கூடாது. பிராமிஸ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிரவு மதிவதனிக்குச் சோறு இறங்கவில்லை. போனில் புருஷனிடம் சொன்னபோது அவன், "லூசு மாதிரிப் பேசாத மதி. அண்ணி அவளைத் தூக்கி வளத்தவங்க" என்றான். அண்ணன் குடும்பத்தை விட்டுக்கொடுக்க மாட்டான், தெரிந்ததுதான். பெற்றவளுக்குத்தான் பெண் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். செந்தாமரை குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று மதிவதனி நினைக்கவில்லை. அந்த அளவுக்கு அவள் போகவில்லை. 'ஒரு பருப்பில் என்ன ஆகிவிடும், சும்மா பயமுறுத்துகிறார்கள், பழக்கினால் பழகிவிடும்' என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறாள் என்பதுதான் அவள் கட்டிய கதை. கட்டக் கட்ட அது நிஜமாகவே ஆகிவிட்டது.

இப்போது கைக்குட்டையில் தோலும் இருந்தது.

திங்கட்கிழமை காலை எப்போதும்போலக் கிளம்பினாள். வெயில் ஏறிவிட்டதால் மோரைக் கொஞ்சம் கெட்டியாகவே கரைத்து, கசக்கிறது என்று சிணுங்கிய குழந்தையைச் சமாதானப்படுத்திக் குடிக்க வைத்தாள். "அக்கா, பாத்துக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தம் வரை போனாள். பஸ் வந்தது. ஏறவில்லை. வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு, கருவேல முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு, கொல்லைப்புறம் வந்து வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றாள். அலுவலகத்துக்குப் போகிற புடவையில், தோளில் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக. யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொல்லைத் தாழ்வாரத்தில் செந்தாமரை கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் குந்தவை. பெரியம்மா தலை வாரிவிட்டாள். பேன் பார்த்தாள். குழந்தை எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். செந்தாமரை உள்ளே போகவில்லை, எதையும் எடுக்கவில்லை, எதையும் ஊட்டவில்லை. மதிவதனி கண்ணை இமைக்காமல் அந்தக் கைகளையே பார்த்தாள். சீப்பு, முடி, ரிப்பன். சீப்பு, முடி, ரிப்பன். சீக்கிரம் கொடேன், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அவள் மனசு துடித்தது. தன் குழந்தைக்கு விஷம் வரட்டும் என்று காத்திருக்கிறோமே என்ற எண்ணம் அவளுக்கு அப்போது வரவே இல்லை.

குந்தவை கழுத்தைச் சொறிந்தாள். பிறகு வயிற்றை. "பெரியம்மா, நாக்கு அரிக்குது" என்றாள். அதைச் சொன்ன குரலே கட்டைக் குரலாக இருந்தது. பிறகு இருமினாள். அந்த இருமல் நிற்கவில்லை.

மதிவதனி பாய்ந்து வந்தாள். வந்தவள் குழந்தையைத் தூக்கவில்லை. செந்தாமரையின் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன குடுத்தீங்க? கையைக் காட்டுங்க! என்ன குடுத்தீங்க எம் பொண்ணுக்கு?"

கையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை. விரல் இடுக்குகளை முகர்ந்தாள். இடது கையையும் இழுத்தாள். செந்தாமரைக்கு இவள் எங்கிருந்து முளைத்தாள் என்றே புரியவில்லை. ஒரு கணம் திகைத்து நின்றவள் மறுகணம் கையை வெடுக்கென்று உருவினாள்.

"அப்புறமா மோந்து பாரு. மொதல்ல ஊசி டப்பாவ எடு!"

மதிவதனி டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறக்கக் கை ஒத்துழைக்கவில்லை. செந்தாமரை பிடுங்கினாள். ஊசியின் உறையைப் பல்லால் இழுத்தெறிந்து, குழந்தையின் தொடையை இறுக்கிப் பிடித்து, நேராகக் குத்தி மருந்தை இறக்கினாள். தயங்கவே இல்லை. தடவிக்கொடுத்துக்கொண்டே, "இராஜாங்கம் அண்ணே, காரை எடுங்க!" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கத்தின கத்தலில் தெருவே திரண்டுவிட்டது.

கார் கும்பகோணம் போகிற வழியிலேயே மூச்சு கொஞ்சம் தணிந்தது. பின்சீட்டில் நடுவில் குழந்தை, இரண்டு பக்கமும் இரண்டு பேர். மதிவதனி கைக்குட்டையை எடுத்து விரித்தாள். அவ்வளவு நடந்தும் அவளால் விட முடியவில்லை.

"இது மாமா சட்டையில இருந்துச்சு."

செந்தாமரை தோலைப் பார்த்தாள்.

"அந்த மனுஷனுக்குக் கடலைன்னா உசுரு. எப்பவாவது ஆசை தாங்காம டீக்கடையில வாங்கித் தின்னுட்டு, பம்புசெட்ல வாயக் கொப்புளிச்சு, சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையக் கெணத்தடியிலயே கழட்டிப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு. திருடன் மாதிரி. அந்தச் சட்டைய நான் தனியாத்தான் தொவைப்பேன்." பிறகு, "எத்தனை நேரமா நின்னே அங்க?" என்று கேட்டாள்.

மதிவதனி கைக்குட்டையை மடித்தாள்.

"வந்து எத்தனை நேரமாச்சுன்னு கேக்குறேன்."

"ரொம்ப நேரமாக்கா. நீங்க சீப்ப எடுத்ததுலேர்ந்து."

"நல்லதாப் போச்சு" என்றாள் செந்தாமரை. "நீ கண்ணால பாக்கலேன்னா நான் செத்தாலும் நம்பியிருக்க மாட்டே."

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். அபாயம் தாண்டிவிட்டது, ராத்திரி வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஷமீரா இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"காலையில எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன போச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எங்கிட்ட வந்ததுக்கு அப்புறம் ஒண்ணுமே சாப்புடல டாக்டர்" என்றாள் செந்தாமரை. "சத்தியமா."

"ஆமா டாக்டர்" என்றாள் மதிவதனி. அவளே சாட்சி. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்ல. வெறும் மோர்தான். நான்தான் குடுத்தேன்."

"வெறும் மோரா?"

"சூட்டுக்காக வெந்தயம் ஊறவச்சு அரைச்சுக் கலப்பேன். முன்னாடி ஒரு ஸ்பூன் போட்டேன். தடிப்பு வந்ததும் சூடு ஜாஸ்தியாயிடுச்சுன்னு ரெண்டு ஸ்பூன் ஆக்கினேன். இன்னைக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "வெந்தயம் குளிர்ச்சிதானே டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"வெந்தயமும் கடலையும் ஒரே இனம்மா. அவரை இனம். ரெண்டும் காய்க்குள்ள விதையா வர்றதுதான். உங்க பொண்ணு ரத்தத்துல கடலையப் புடிக்கன்னு ஒரு காவல் இருக்கு. அது முழுசா ஆளப் பாத்துப் புடிக்கிறதில்ல. ஏதோ ஒரு மூலையில அடையாளம் ஒத்துப்போனாப் போதும், புடிச்சுக்கும். வெந்தயத்துல இருக்குற சில புரதம் கடலையோடது மாதிரியே இருக்கும். இவன்தான் அவன்னு நெனச்சுக்கிட்டு உடம்பே எகிறிக் குதிக்குது. டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்திக்குவோம். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா இதான்."

"இட்லி மாவுலயும் போடுறமே?" என்றாள் செந்தாமரை.

"அது ஒரு சிட்டிகை, வெந்தும் போகுது. இது பச்சையா, வெறும் வயித்துல. இனிமே எதுலயும் வேண்டாம். சாம்பார்ப் பொடியில கூட."

"அப்ப உளுந்து, துவரை, பாசிப்பயறு? அதெல்லாமும் அதே இனந்தானே?" மதிவதனியின் குரல் கீச்சென்று ஏறியது. "எல்லாத்தையும் நிறுத்திடுறேன் டாக்டர்."

"ஐயோ, வேண்டாம்மா. அதெல்லாம் இத்தனை வருஷமாச் சாப்புடுறா, ஒத்துக்குது. சாப்புட்டுக்கிட்டே இருக்கட்டும். சாயல் இருக்குங்கிறதுக்காக எல்லாரையும் புடிச்சு உள்ள போட்டா அப்புறம் புள்ள எதைத்தான் சாப்புடும்?"

டாக்டர் பருப்பைப் பற்றித்தான் சொன்னார். மதிவதனிக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் அவள் கொடுத்திருக்கிறாள். தான் வீட்டில் இருக்கிற நாளில் குழந்தையை நிழலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மோரை விட்டிருக்கிறாள். தடிப்பு வந்தால் இன்னும் ஒரு ஸ்பூன், உதடு வீங்கினால் இன்னும் கெட்டியாக. பெற்ற கையாலேயே அரைத்து, சிணுங்கின குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வைத்துவிட்டு, ஊரில் இருக்கிற கையையெல்லாம் முகர்ந்து பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் குந்தவை தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். தொடையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, கத்தரிக்காய்க்கு வலிக்கலைன்னு சொன்னீங்க. எனக்கு வலிச்சுச்சு" என்றாள்.

"என்ன கத்தரிக்காய்?" என்றாள் மதிவதனி.

குந்தவை பெரியம்மாவைப் பார்த்தாள். செந்தாமரை, "சரி, சொல்லிடு. இனிமே என்ன" என்றாள்.

"பெரியம்மா கத்தரிக்காய்க்கு ஊசி போட்டாங்க. தண்ணி ஊசி. நெறைய கத்தரிக்காய்க்கு. அம்மாகிட்டச் சொல்லாதன்னாங்க."

"மெடிக்கல்ல வெறும் ஊசி வாங்கிப் பழகினேன்" என்றாள் செந்தாமரை, மதிவதனியைப் பார்க்காமல். "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். அவசரத்துக்குக் கை நடுங்கிட்டா என்ன பண்றது? ஒனக்குத் தெரிஞ்சா, இவங்கள நம்பியா புள்ளைய வுட்டுட்டுப் போறோம்னு பயந்துடுவே. அதான் சொல்லல."

மதிவதனி அழுதுவிட்டாள். வார்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. நான் ஒங்களப் போய்..." என்று காலடியில் உட்காரப் போனவளைச் செந்தாமரை தோளைப் பிடித்து நிறுத்தினாள். அணைத்துக்கொள்ளவில்லை.

"புள்ள மேல இருக்குற பயத்துல பண்ணிட்டே. அது எனக்குப் புரியுது. ஆனா என் கையப் புடிச்சு மோந்து பாத்தே பாரு மதி, புள்ள மூச்சுக்குத் தவிக்கிறப்போ. அத நான் மறக்க நாளாகும். இப்ப அழுவாத, புள்ள பயப்படுது."

வீட்டுக்கு வந்ததும் செந்தாமரை முதல் வேலையாக வெந்தய டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். சாம்பார்ப் பொடியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வறுத்து அரைத்தாள். இரண்டு பேரும் தேவைக்குப் பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் இல்லை. போட்ட லீவு முடிந்து மதிவதனி அலுவலகம் போகிற காலை வந்தது. சோறாக்கி, டப்பா கட்டி, குழந்தையை எழுப்பி, பால் காய்ச்சி ஆற்றித் தம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

குந்தவை கையை நீட்டினாள். அதற்கு முன்னால் செந்தாமரையின் கை நீண்டது.

மதிவதனி தம்ளரை அந்தக் கையில் கொடுத்தாள். செந்தாமரை அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"பால் மட்டுந்தானா?"

"பால் மட்டுந்தான்க்கா. சர்க்கரைகூடப் போடல."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. மதிவதனி நகரவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, அவமானமாகவும் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் முகர்ந்து பார்க்கட்டும் என்று காத்து நின்றாள். செந்தாமரை தம்ளரைக் குழந்தை கையில் கொடுத்த பிறகுதான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.